கேஸ் ஏற்றும் முன் ஓட்டையைத் தேடிய கடை: திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஏசி சர்வீஸ்

கடலூரில் ஏசி வைத்திருப்பவர்கள் "கேஸ் இறங்கிடுச்சு, ஏத்தணும்" என்ற பேச்சைக் கேட்காமல் ஒரு கோடையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். போன வருஷம் ஏப்ரலில் நானும் கேட்டேன், 2,800 ரூபாய் கொடுத்தேன், ஆறே வாரத்தில் மறுபடி அறை வெந்தது. அப்புறம் போனது வேறு கடை. அந்தக் கடையில் செய்த வேலையைப் பற்றித்தான் இது. பதினோரு மாதமாக ஏசி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, அதைவிட எனக்குப் பெரிசு, அவர்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, கேட்டால் சொன்னார்கள். நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறவள், காரணம் தெரிந்து செய்கிற வேலையைக் கண்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

வீடு புதுப்பாளையத்தில், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிற வழியில். மாடியில் இருக்கிற டியூஷன் அறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, வாங்கி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பதினெட்டு பிள்ளைகள் உட்காருகிற அறை, மேலே மொட்டை மாடி, மே மாதத்தில் ஏசி இல்லாமல் அங்கே பாடம் நடத்த முடியாது.

முதலில் வந்தவர் (யார், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம்) அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினார், சிலிண்டரைத் திறந்தார், பத்து நிமிஷம் கழித்துக் குழாயைத் தொட்டுப் பார்த்து "ஜில்லுன்னு ஆயிடுச்சு மேடம்" என்றார், பணம் வாங்கிக்கொண்டு போனார். எவ்வளவு கேஸ் போட்டார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தராசே கொண்டுவரவில்லை. இருந்த கேஸ் எங்கே போயிற்று என்று நான் கேட்டதற்கு, "ஓட ஓட குறையத்தான் செய்யும்" என்றார். இது தவறு. ஸ்கூட்டருக்குப் போடுகிற பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை அது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது, உள்ளே ஆவியாகி அறையின் சூட்டை வாங்குகிறது, வெளியே அவுட்டோரில் அழுத்தப்பட்டுத் திரும்ப நீர்மமாகி அந்தச் சூட்டை விடுகிறது. மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது பானை குளிர்கிறதே, அதே வேலைதான், ஆவியானதைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்துகிறோம் என்பது ஒன்றே வித்தியாசம். குழாய் சரியாக இருந்தால் பத்து வருஷம் ஆனாலும் அதே கேஸ் இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை, அவ்வளவுதான்.

ஜூன் முதல் வாரத்தில் மறுபடி இண்டோர் காயிலில் ஒரு மூலையில் மட்டும் பனி கட்ட ஆரம்பித்தது. கேஸ் குறைந்தால் வருகிற அறிகுறி இது, நிறைய பேர் "ஐஸ் கட்டுதே, நல்லாக் குளிருதுபோல" என்று விட்டுவிடுகிறார்கள். என் மாணவி ஒருத்தியின் அப்பா சொல்லித்தான் இந்தக் கடை தெரிந்தது. லாரன்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் சின்ன கடை, பழைய கம்ப்ரஸர்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அண்ணன், கூட ஐ.டி.ஐ. முடித்த தம்பி ஒருவர். போனில் நான் "கேஸ் ஏத்தணும்" என்றதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "என்ன கேஸ்னு அவுட்டோர்ல எழுதியிருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா டீச்சர்?"

போய்ப் பார்த்தேன். ஆர்-32 என்று இருந்தது, பக்கத்திலேயே 820 கிராம் என்று எடையும். மூன்று வருஷமாக என் அறையில் ஓடுகிற பொருள் அன்றுதான் என் கண்ணில் பட்டது. அந்த 32 என்ற எண்ணை ஒரு பெயரைப் படிப்பது போலப் படிக்கலாம், பிளஸ் ஒன் புத்தகத்தில் ஹேலோ ஆல்கேன் (ஃப்ளூரின், குளோரின் போன்றவை ஏறிய கார்பன் சேர்மங்கள்) பாடத்தில் ஃப்ரீயான் என்ற குளிர்பதன வாயுக்களுக்குப் பெயரிடுவது வருமே, அதே கணக்கு. குறுக்குவழி சொல்கிறேன்: எண்ணோடு 90-ஐக் கூட்டுங்கள். 122 வருகிறதா, முதல் இலக்கம் கார்பன், அடுத்தது ஹைட்ரஜன், கடைசி ஃப்ளூரின். ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஃப்ளூரின், ஆக டைஃப்ளூரோமீத்தேன். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22-க்குப் போட்டால் 112, ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், இரண்டு ஃப்ளூரின். கார்பனுக்கு நான்கு கை வேண்டும், மூன்றுதான் வந்திருக்கிறது, மீதி ஒரு கையில் குளோரின். அந்த ஒரு குளோரின்தான் ஆர்-22-இன் தலையெழுத்தையே மாற்றியது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றவர்கள் வியாழக்கிழமைதான் வந்தார்கள். இரண்டு நாள் பிள்ளைகளைக் கீழே ஹாலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தேன். இந்தக் கடையில் எனக்கு இருக்கிற மனக்குறை இது ஒன்றுதான், சீசனில் இரண்டு பேர் எத்தனை வீட்டுக்குத்தான் போவார்கள் என்று தெரிந்தாலும், ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம்.

வந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னது: "டீச்சர், அந்த விளக்கை மட்டும் குளிர வச்சிடுங்க." மாடத்தில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்தார். ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய வாயுதான், ஆனால் மெதுவாக எரிகிற வகை, ஏ2எல் என்று ஒரு பிரிவில் வைத்திருக்கிறார்கள். காற்றில் ஏறத்தாழ 14 சதவீதமாவது சேர்ந்தால்தான் பற்றும், சமையல் கேஸுக்கு இரண்டு சதவீதமே போதும், அதனால் வீட்டில் ஏசி இருக்கிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நிறமில்லாத, வாசனை என்று சொல்லும்படி எதுவும் இல்லாத, காற்றைவிடக் கனமான வாயு என்பதால் மூடிய அறையில் கசிந்தால் தரையோடு தேங்கும். எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வரும், கண்ணாடியையே அரிக்கிற பொருள் அது. குழாயில் கேஸ் இருக்கும்போதே அதை வெல்டிங் செய்ய நெருப்பு டார்ச்சை எடுப்பவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. உள்ளே மிச்சமிருந்த கேஸைக் காற்றில் விடாமல் தனி சிலிண்டருக்கு இழுத்தார்கள், தராசில் வைத்தால் 290 கிராம். 820 இருக்க வேண்டிய இடத்தில். அதன் பிறகு ஓட்டையைத் தேட நைட்ரஜனை 400 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை ஏற்றிவிட்டு, சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தார் தம்பி. நைட்ரஜன்தான் இதற்குச் சரி, சில பேர் வெல்டிங் கடையில் கிடைக்கிற ஆக்சிஜனை ஏற்றிப் பார்ப்பார்களாம், உள்ளே கம்ப்ரஸர் ஆயில் இருக்கிறது, அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். அவுட்டோரில் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் இருக்கிற இடத்தில் நுரை மெதுவாக, மூச்சு விடுவது மாதிரி, உப்பிக்கொண்டு வந்தது. நட்டைக் கழற்றினால் செம்புக் குழாயின் விரித்த வாயில் ஒரு கீறல், சுற்றிலும் பச்சைப் பூப்பு. முதன்முதலில் மாட்டும்போது அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள் என்றார் அண்ணன்.

ஆர்-22 ஏசியில் அந்தக் கீறல் இன்னும் ஒரு வருஷம்கூடத் தாங்கியிருக்கும் என்றும் சொன்னார். ஆர்-32-இல் அழுத்தம் அதிகம், அதே வெப்பநிலையில் ஆர்-22-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே. ஏன் என்று யோசித்தால் கொதிநிலையில் பதில் இருக்கிறது. ஆர்-22 மைனஸ் 41 டிகிரியில் கொதிக்கிறது, ஆர்-32 மைனஸ் 52-இல், அதாவது இன்னும் வேகமாக ஆவியாகத் துடிக்கிற பொருள். எனக்கு இந்த வரிசை ரொம்பப் பிடிக்கும், அடுத்த வாரமே பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டேன்: மீத்தேன் மைனஸ் 161, ஒரு ஃப்ளூரின் ஏற்றினால் மைனஸ் 78, இரண்டு ஏற்றினால் மைனஸ் 52, மூன்றானால் திரும்ப மைனஸ் 82, நான்கும் ஃப்ளூரின் என்றால் மைனஸ் 128. எடை கூடிக்கொண்டே போகிறது, கொதிநிலை ஏறி இறங்குகிறது. நடுவில் இருக்கும் மூலக்கூறில் ஒரு பக்கம் ஹைட்ரஜன்கள், மறுபக்கம் எலக்ட்ரானை இழுக்கும் ஃப்ளூரின்கள், முனைவுத்தன்மையால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. நான்கு பக்கமும் ஒரே மாதிரி ஆனதும் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. இந்தப் பிடிப்பை உடைத்து ஆவியாக்கச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைத்தான் அது நம் அறையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆர்-32-இன் மூலக்கூறு ஆர்-22-ஐவிட இலேசு, ஒரே எடையில் மூலக்கூறுகள் அதிகம், அதனால்தான் குறைந்த எடையிலேயே அதே குளிர் கிடைக்கிறது.

குழாயின் நுனியை வெட்டிவிட்டு, புதிதாக விரித்து, புது நட் போட்டு, டார்க் ரெஞ்சால் அளவு வைத்து முறுக்கினார்கள். மறுபடி நைட்ரஜன், ஒரு மணி நேரம் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தார்கள், அதற்குள் நான் டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்கம் பம்பைப் போட்டு முக்கால் மணி நேரம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான கடைகள் குறுக்குவழியில் போகின்றன, ஐந்து நிமிஷம் கேஸை விட்டே காற்றைத் தள்ளிவிட்டு முடித்துவிடுவார்கள். ஆர்-32 ஏசியில் இருக்கும் கம்ப்ரஸர் ஆயில் பெரும்பாலும் எஸ்டர் வகை, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் உள்ளேயே இருந்தால் அந்த எஸ்டர் உடைந்து அமிலமாகும் (பிளஸ் டூ பாடம்!), அமிலம் கம்ப்ரஸர் சுருளைத் தின்னும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைச்சலே இல்லை. உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் மைக்ரான் கேஜில் 500-க்குக் கீழே வந்து நின்ற பிறகுதான் பம்பை நிறுத்தினார்.

கேஸ் ஏற்றும்போது சிலிண்டரைத் தராசில் வைத்து, 820 கிராம் குறைந்ததும் மூடினார். "குழாய் ஜில்லுன்னு இருக்கு" என்ற கணக்கே இல்லை. ஏற்கெனவே இருந்த 290 கிராமோடு மீதியைச் சேர்த்தால் என்ன என்று கேட்டேன். ஆர்-32 ஒரே பொருள் என்பதால் கசிந்த பிறகும் உள்ளே மிச்சமிருப்பதும் அதேதான், சேர்க்கலாம், ஆனால் ஓட்டை வழியாகக் காற்று போயிருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்போது முழுசாக எடுத்துவிட்டு அளந்து போடுவதுதான் நிம்மதி என்றார். ஆர்-410ஏ என்று இன்னொன்று இருக்கிறதே, அது ஆர்-32-உம் ஆர்-125 என்ற இன்னொரு குளிர்பதன வாயுவும் பாதிக்குப் பாதி கலந்த கலவை, அதைச் சிலிண்டரிலிருந்து நீர்மமாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் விகிதம் மாறும் என்பதையும் அவராகவே சொன்னார்.

சீல் பிரிக்காத சிலிண்டரை எனக்குக் காட்டிவிட்டுத்தான் திறந்தார், இது சின்ன விஷயம் இல்லை. 2011-இல் கப்பலில் போகும் குளிர்பதனக் கண்டெய்னர்கள் சில வெடித்து ஆட்கள் இறந்துபோனார்கள். ஆர்-134ஏ என்ற குளிர்பதன வாயுவின் பெயரில் வந்த போலி கேஸில் மீத்தைல் குளோரைடு கலந்திருந்தது, அதுவும் ஒரு ஹேலோ ஆல்கேன்தான், அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருளை உண்டாக்கிவிட்டது. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று பிள்ளைகள் பரீட்சையில் மாற்றி எழுதும்போது இதைத்தான் சொல்வேன்.

இந்த ஆர்-32 எங்கிருந்து வருகிறது என்று தம்பி கேட்டார், கேட்டதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பெயிண்ட் உரிக்கப் பயன்படுத்துகிற டைகுளோரோமீத்தேன் இருக்கிறதல்லவா, 40 டிகிரியில் கொதிக்கும் நீர்மம், அதோடு ஹைட்ரஜன் ஃப்ளூரைடை ஆன்டிமனி வினையூக்கி வைத்து வினைபுரிய விடுகிறார்கள். இரண்டு குளோரினும் ஹைட்ரஜன் குளோரைடாகக் கழன்று போக, அந்த இடத்தில் ஃப்ளூரின் உட்காருகிறது. பெல்ஜியத்து வேதியியலாளர் சுவார்ட்ஸ் 1890-களில் காட்டிய வழியின் தொடர்ச்சி, புத்தகத்தில் சுவார்ட்ஸ் வினை என்று இரண்டு வரியில் முடித்திருப்பார்கள். குளோரோஃபார்மை எடுத்துக்கொண்டு அதே போலச் செய்தால் ஆர்-22. டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் எல்லாம் தூர தேசத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், நம் மேட்டூரிலேயே குளோரோமீத்தேன்கள் தயாராகின்றன. ஆர்-22-ஐ 700 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் டெட்ராஃப்ளூரோஎத்திலீன் வரும், அதைச் சங்கிலியாகக் கோத்தால் நான்ஸ்டிக் தோசைக்கல்லின் மேல்பூச்சு. ஏசியிலிருந்து விடைபெற்றாலும் ஆலைக்குள் மூலப்பொருளாக அதற்கு வேலை இருக்கிறது.

விடைபெறக் காரணம் அந்த ஒரு குளோரின். மேலே போய்ச் சூரிய ஒளியில் உடைந்து, ஓசோனை அழிக்கிற வேலையை அது செய்கிறது என்று 1974-இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள், 1987-இல் ஓசோனைக் காக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியாவில் 2025 ஜனவரியிலிருந்து புது ஏசிகளில் ஆர்-22 போட்டுத் தயாரிக்கக் கூடாது. பழைய ஏசிகளின் சர்வீஸுக்குக் கிடைக்கும், ஆனால் வருஷத்துக்கு வருஷம் குறையும். எங்கள் கீழ்வீட்டில் மாமியார் அறையில் 2009-இல் வாங்கிய ஆர்-22 ஏசி ஒன்று இருக்கிறது. முன்னால் வந்தவர் "இதுலயும் 32 போட்டுக்கலாம், நல்லாக் குளிரும்" என்று சொல்லியிருந்தார். அண்ணனிடம் சொன்னேன், கோபமே வந்துவிட்டது அவருக்கு. அழுத்தம் தாங்காது, ஆயில் சேராது, உள்ளே இருக்கிற சுவிட்ச் எதுவும் தீப்பிடிக்கிற வாயுவுக்காகச் செய்யப்பட்டதில்லை, ஒருக்காலும் போடாதீங்க என்றார். அதற்குப் பதிலாக அதைச் சுத்தம் செய்துவிட்டு, இருக்கிறபடியே ஓட்டுங்கள், கம்ப்ரஸர் போனால் புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு 500 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். பெரிய வேலையாகச் சொல்லிப் பணம் பார்க்க அங்கே நல்ல வாய்ப்பு இருந்தது.

ஆர்-32 ஓசோனைத் தொடுவதில்லை, குளோரினே இல்லை. ஆனால் சூட்டைப் பிடித்து வைப்பதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 675 மடங்கு. ஆர்-22 என்றால் 1,810, ஆர்-410ஏ 2,088. மற்ற இரண்டையும்விட நல்லதுதான், நல்லதே என்று சொல்லிவிட முடியாது. என் ஏசியின் 820 கிராமும் கசிந்தால், ஏறத்தாழ 240 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம், என் ஸ்கூட்டருக்கு ஒன்றரை வருஷம் வரும். மூடியே வைத்திருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. ஓட்டையை அடைக்காமல் வருஷத்துக்கு இரண்டு முறை டாப்-அப் செய்கிறவர்கள் நம்மிடம் பணம் வாங்கிக்கொண்டு அதைத்தான் காற்றில் விடுகிறார்கள், இது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு அண்ணன் சொன்ன யோசனை: அவுட்டோரைக் கடலைப் பார்த்து மாட்டாதீர்கள், சுவரின் மறைவில் மாட்டுங்கள். உப்புக் காற்றில் அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் பொடிப்பொடியாக உதிரும், என் அவுட்டோரில் கீழ் வரிசை ஏற்கெனவே விரலால் தொட்டால் உதிர்கிற நிலைக்கு வந்திருந்தது. மாதம் ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டு, வெறும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும் என்றார், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம். புயல் மழை ஓய்ந்த பிறகு கட்டாயம் கழுவ வேண்டுமாம். கழுவிக்கொண்டு வருகிறேன், உதிர்வது நின்றிருக்கிறது.

மொத்தம் 3,650 ரூபாய் ஆனது, கேஸ், நைட்ரஜன், புது நட், கூலி எல்லாம் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீது. முன்னால் கொடுத்த 2,800-ஐ விட அதிகம்தான், ஆனால் அதை நான் இரண்டாவது முறையும் கொடுக்க இருந்தேன். வந்த நேரம் காலை பத்து, போகும்போது மூன்றரை. அவுட்டோர் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள், கேஸின் பெயர், எடை, தேதி மூன்றும் அதில் இருக்கிறது. அடுத்து யார் வந்து திறந்தாலும் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவாம்.

வேறு கடைக்குப் போனாலும் தராசு இருக்கிறதா, நைட்ரஜன் கொண்டுவருவீர்களா, வேக்கம் எவ்வளவு நேரம் போடுவீர்கள் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இந்தக் கடைக்கே போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கார்டு வாங்குவதில்லை, ரொக்கமோ ஜிபேயோ போதும். பங்குனி பிறப்பதற்கு முன்பே சொல்லி வைத்துவிட்டால் சொன்ன நாளில் வருகிறார்கள், இந்த வருஷம் எனக்கு அப்படித்தான் வந்தார்கள்.